எட்டா, பன்னிரண்டா?

(காயல்பட்டினத்தில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளைப் பற்றி மட்டும் இன்றைக்குப் பேசப் போகிறேன். ஒன்று, என்விடியா நிறுவனம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3060. இன்னொன்று, அதே நிறுவனம் 2023 ஜூனில் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 4060. இதற்கு ஒரு கூட்டமா என்று பெரியவர்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். ஆனால் இந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. ஹாங்காங்கில் ரத்தினக் கல் வியாபாரத்தில் இருக்கும் காக்கா, அதாவது அண்ணன், லீவில் ஊருக்குக் கிளம்புகிறார் என்றால், அவருக்குப் போகும் வாட்ஸ்அப் பட்டியலில் சாக்லேட்டுக்கும் சென்ட்டுக்கும் கீழே இப்போது கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்துவிட்டது. அங்கே சாம் சுய் போவில் கோல்டன் கம்ப்யூட்டர் ஆர்கேட் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. உள்ளே போனால் கடைக்கு மேல் கடை, எல்லாம் கம்ப்யூட்டர் சாமான். காக்கா அங்கே நின்றுகொண்டு போன் போடுகிறார். "தம்பி, புதுசுல எட்டுதான் போட்டிருக்கான். பழசுல பன்னெண்டு இருக்கு. எதை வாங்க?"

நியாயமான கேள்வி. புதிய மாடலில் மெமரி 8 ஜிபி, பழைய மாடலில் 12 ஜிபி. எந்தக் கணக்கில் இது முன்னேற்றம்? தம்பிக்கும் பதில் தெரியவில்லை. "புதுசே வாங்குங்க காக்கா" என்று சொல்லிவிடுகிறான். அவன் சொன்னது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பாதிப் பேருக்கு அது சரியான பதில். மீதிப் பேருக்கு அது பணத்தைக் கொடுத்துப் பின்னால் போவது. நீங்கள் எந்தப் பாதி என்பதை இந்த இரண்டு கார்டும் சொல்லாது. நீங்கள் அதில் செய்யப்போகும் வேலைதான் சொல்லும்.

முதலில் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை வாசிப்போம். 3060-இல் கணக்குப் போடும் கோர்கள் 3584. 4060-இல் 3072. இங்கேயே ஒரு குழப்பம்: புதியதில் 512 கோர் குறைவு. ஆனால் பழையது 1777 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறது, புதியது 2460-இல் ஓடுகிறது. ஒரு கோர் ஒரு துடிப்பில் இரண்டு கணக்குப் போடும். ஆகவே 3584-ஐ இரண்டால் பெருக்கி 1.777 கிகாஹெர்ட்ஸால் பெருக்குங்கள்; 12.7 டெராஃப்ளாப்ஸ் வரும். 3072-ஐ அதேபோல 2.46-ஆல் பெருக்கினால் 15.1. கோர் குறைந்தும் கணக்கு கூடியிருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குதான் இது. கடையில் யாராவது "கோர் ஜாஸ்தி, அதனால் இதுதான் பெஸ்ட்" என்று சொன்னால், போனில் இருக்கும் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள்.

வேகம் எப்படிக் கூடியது? சிப் செய்த இடம் மாறியது. 3060-இன் சிப்பை சாம்சங் தன் 8 நானோமீட்டர் முறையில் செய்தது: 276 சதுர மில்லிமீட்டரில் சுமார் 1,200 கோடி டிரான்சிஸ்டர். 4060-இன் சிப்பைத் தைவானின் டிஎஸ்எம்சி 5 நானோமீட்டர் குடும்பத்தைச் சேர்ந்த முறையில் செய்தது: ஏறக்குறைய 159 சதுர மில்லிமீட்டரில் 1,890 கோடி. பரப்பு பாதிக்குக் கொஞ்சம் மேல், அதற்குள் ஒன்றரை மடங்கு டிரான்சிஸ்டர். மின்சாரமும் குறைந்தது. 3060 இழுப்பது 170 வாட், 4060 இழுப்பது 115 வாட். என்னைக் கேட்டால் 4060-இன் உண்மையான சாதனை இந்த 115 தான். மற்றதெல்லாம் விளம்பரப் பலகையில் எழுத எடுத்தவை.

இனி மெமரிக்கு வருவோம். சண்டையே இங்கேதான். 3060-இல் 12 ஜிபி, அதற்குப் போகும் பாதை 192 பிட். 4060-இல் 8 ஜிபி, பாதை 128 பிட். இரண்டிலும் ஜிடிடிஆர்6 மெமரிதான். பழையது பாதையின் ஒரு பிட்டுக்கு நொடிக்கு 15 கிகாபிட், புதியது 17. பெருக்கி எட்டால் வகுங்கள். 192 பெருக்கல் 15, வகுத்தல் 8: நொடிக்கு 360 ஜிபி. 128 பெருக்கல் 17, வகுத்தல் 8: 272 ஜிபி. கணக்குப் போடும் திறமை கூடிய கார்டில், மெமரியிலிருந்து எடுத்துக்கொடுக்கும் திறமை குறைந்திருக்கிறது.

இதை ஈடுகட்ட சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் என்ற சிறு மெமரியை 3 எம்பியிலிருந்து 24 எம்பிக்குக் கூட்டினார்கள். அடிக்கடி தேவைப்படுவது உள்ளேயே இருந்தால், வெளியே 8 ஜிபிக்குப் போய் எடுத்துவரும் தடவைகள் குறையும். கேமில் இது நன்றாகவே வேலை செய்கிறது. நிறுவனம் இதை வைத்துக்கொண்டு 272-க்குப் பக்கத்தில் 453 என்ற இன்னொரு எண்ணையும் அச்சிட்டது: கேஷ் காப்பாற்றிக் கொடுப்பதையும் சேர்த்தால் பலன் இவ்வளவு என்று. அந்த எண்ணை நான் ஒரு விற்பனைக்காரரின் எண்ணாகத்தான் எடுத்துக்கொள்வேன். கேஷுக்குள் அடங்கும் வேலைக்குத்தான் அது பொருந்தும். அடங்காத வேலைக்கு 272 தான். அந்த வேலை எது என்று பின்னால் சொல்கிறேன்.

கல் வியாபாரம் தெரிந்த இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். காரட்டை மட்டும் கேட்டுவிட்டுக் கல் வாங்குகிறவர் இங்கே யாரும் கிடையாது. இரண்டும் இரண்டு காரட் என்றாலும் நிறம் பார்ப்பீர்கள், உள்ளே கீற்று இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பீர்கள், மோதிரத்துக்கா நெக்லஸுக்கா என்று கேட்பீர்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே கார்டுக்குக் கொண்டுவந்தால் போதும். 8, 12 என்பதெல்லாம் காரட் மாதிரி. விலைச்சீட்டில் முதலில் தெரியும், முடிவைத் தனியாகச் சொல்லாது.

சரி, ஓட்டிப் பார்த்தால் எப்படி? 1080 பிக்சல் திரையில் 4060 ஏறக்குறைய 20 சதவீதம் வேகம் என்று நிறுவனமே சொன்னது. வெளியே சோதித்தவர்களுக்கும் அதை ஒட்டித்தான் வந்தது. சில கேமில் கூட, சிலவற்றில் குறைய. இரண்டு வருஷத்துக்கும் மேல் காத்திருந்ததற்கு 20 சதவீதம். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடிய இடத்தில் 72 ஓடும். பரவாயில்லை என்று சொல்லலாம், ஆஹா என்று சொல்ல முடியாது. அமெரிக்க விலை 329 டாலரிலிருந்து 299 டாலராக இறங்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அந்த 329-க்கு 2021-இல் 3060 கிடைக்கவே இல்லை என்பது வேறு கதை, அதற்கும் வருகிறேன்.

அந்த 72 ஃப்ரேம் உங்கள் கண்ணுக்கு வந்து சேருமா? வீட்டில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால், அது நொடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். கார்டு 72 அனுப்பினாலும் 150 அனுப்பினாலும் பார்க்கக் கிடைப்பது 60 தான். வாலரன்ட்டும் ஜிடிஏ ஃபைவும் மட்டும் ஆடுகிற தம்பிக்கு இந்த இரண்டில் எதுவுமே கொஞ்சம் அதிகம். அவன் முதலில் மானிட்டரை மாற்றட்டும். வாப்பாவிடம் "கார்டு வேணும்" என்று கேட்பதைவிட "மானிட்டர் வேணும்" என்று கேட்டால் படிப்புக்கென்று நினைத்துச் சீக்கிரம் கிடைக்கும் என்பது தனி ஆதாயம்.

சராசரி ஃப்ரேமை மட்டும் பார்க்காதீர்கள். சோதனை முடிவுகளில் "1 சதவீத லோ" என்று இன்னொரு எண் போடுவார்கள். ஆயிரம் ஃப்ரேம் ஓடினால் அதில் மிக மெதுவாக வந்த பத்து எப்படி வந்தன என்று அது சொல்லும். கேம் ஆடும்போது திடீரென்று ஒரு வெட்டு வெட்டி நிற்கிறதே, அது சராசரியில் தெரியாது, இதில்தான் தெரியும். 8 ஜிபி பற்றாக்குறை முதலில் தலைகாட்டுவதும் இதில்தான். 2023 மார்ச்சில் "தி லாஸ்ட் ஆஃப் அஸ்" கம்ப்யூட்டருக்கு வந்தபோது, டெக்ஸ்சர் தரத்தை மேலே ஏற்றினால் 8 ஜிபி கார்டுகள் திணறியதை உலகமே பார்த்தது. கார்டின் மெமரி நிரம்பிவிட்டால், மிச்சத்தை மதர்போர்டில் இருக்கும் ராமில் வைத்துவிட்டு, வேண்டும்போதெல்லாம் ஸ்லாட் வழியாக இழுத்து வரவேண்டும். அங்கே கணக்கு வேகம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. அந்த மாதிரி நேரத்தில் பழைய 3060 சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கி வைத்தால் 4060-உம் ஓடும் என்பதையும் சொல்லியாகவேண்டும். ஒரு படி இறக்கினால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாத கேம்களும் உண்டு.

4060-க்காகச் சொல்லும் பெரிய வாதம் ஃப்ரேம் ஜெனரேஷன். கார்டு உண்மையில் கணக்குப் போட்டு வரைந்த இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில், ஏஐயை வைத்துத் தானே ஒன்றை வரைந்து செருகும். 3060-க்கு என்விடியா இதைத் தரவில்லை. இதைச் சேர்த்து 70 சதவீதம் வேகம் என்று விளம்பரம் போனது. நான் அதை வேகத்தில் சேர்க்கமாட்டேன். 40 ஃப்ரேம் ஓடுகிற கேமில் ஒரு ஃப்ரேமுக்கு 25 மில்லிசெகண்ட் ஆகிறது. நடுவில் செருகி 80 ஆகக் காட்டினாலும், நீங்கள் மௌஸை அசைத்தது கேமுக்குத் தெரிவது அந்தப் பழைய 25-இன் கணக்கில்தான். செருகும் வேலைக்காக இன்னும் கொஞ்சம் தாமதம் கூடவும் செய்யும். திரை வழுவழுப்பாக இருக்கும், கை கனமாக இருக்கும். ஏற்கெனவே 70, 80 ஓடுகிற கேமை நல்ல மானிட்டரில் இன்னும் மென்மையாகக் காட்ட இது அருமையான வசதி. ஓடாத கேமை ஓட்ட வைக்கும் மருந்து இல்லை.

இப்போது ஒரு எச்சரிக்கை. 3060 என்ற பெயரில் இரண்டு கார்டுகள் இருக்கின்றன. 2022-இன் கடைசியில், அதே பெயரில், அதே 3584 கோரோடு, 8 ஜிபி மெமரியும் 128 பிட் பாதையும் வைத்து இன்னொன்றைச் சத்தமில்லாமல் இறக்கினார்கள். 360 ஆக இருந்த மெமரி வேகம் 240 ஆகிவிட்டது. பெட்டியின் படம் ஒன்று, பெயர் ஒன்று, மூலையில் சின்னதாக ஒரு எண் மட்டும் வேறு. பழைய கார்டை வாங்க ஒரே காரணம் அந்த 12 தான். அது இல்லாத 3060-ஐ வாங்குவதில் அர்த்தமே இல்லை.

ஒரே பெயரில் இரண்டை விற்பது புதிதும் இல்லை. 1999 அக்டோபரில் என்விடியா "உலகின் முதல் ஜிபியு" என்று சொல்லி விற்ற ஜீஃபோர்ஸ் 256-க்கே இரண்டு வடிவம் உண்டு, எஸ்டிஆர் மெமரியோடு ஒன்று, டிடிஆர் மெமரியோடு ஒன்று. 2017-இல் ஜிடி 1030 வந்தது, மெமரி வேகம் 48 ஜிபி. அடுத்த வருஷமே அதே பெயரில் சாதாரண டிடிஆர்4 மெமரியை வைத்து 16.8 ஜிபி வேகத்தில் ஒன்று வந்தது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நம் ஊர்ப் பக்கத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் அதிகம் போட்ட கார்டுகளில் இதுவும் ஒன்று. எத்தனை பேர் எது வாங்கினோம் என்று பார்த்திருப்போம்?

கேமை விட்டு வேலைக்கு வருகிறேன். எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம், ஏனென்றால் கார்டை வைத்துச் சம்பாதிக்கிறவர் தப்பாக வாங்கினால் அது நஷ்டம்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். யூடியூபில் நேரலை விடுகிறவர்களுக்கு 4060-இல் ஒரு லாபம்: ஏவி1 என்ற புதிய முறையில் வீடியோவைச் சுருக்கி அனுப்பும் சிப் அதில் உண்டு. 3060 ஏவி1-ஐ வாசிக்கும், எழுதாது. குறைந்த இன்டர்நெட் வேகத்தில் தெளிவான படம் போகவேண்டும் என்றால் இது கைகொடுக்கும். ஆனால் உங்கள் கேமராவைப் பாருங்கள். இப்போதைய கேமராக்கள் பல, பத்து பிட் 4:2:2 முறையில் ஹெச்.265 ஆகப் பதிகின்றன. அந்தக் கோப்பைத் திறந்தால் டைம்லைன் விக்கி விக்கி நகரும். உடனே பெரிய கார்டு வேண்டும் என்று முடிவு செய்கிறோம். அந்தக் கோப்பை வாசிக்கும் வசதி 3060-லும் இல்லை, 4060-லும் இல்லை. 2025-இல் வந்த 50 வரிசையில்தான் என்விடியா அதைச் சேர்த்தது. ஆனால் இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை முதல் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் அதை வாசித்துவிடும். பெயரின் கடைசியில் எஃப் என்று போட்ட ப்ராசஸரில் மட்டும் அந்த உள் கிராஃபிக்ஸ் இருக்காது. விலை கொஞ்சம் குறைவு என்று அசெம்பிள் செய்பவர் எஃப் ப்ராசஸரைப் போட்டுக் கொடுத்திருப்பார். கார்டு வாங்கும் முன் உங்கள் ப்ராசஸர் பெயரை ஒரு தடவை முழுதாக வாசியுங்கள்.

நகை டிசைன் படிக்கிற தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ரைனோ, மாட்ரிக்ஸ்கோல்டு போன்றவற்றில் மோதிரத்தை வரையும்வரை எந்தக் கார்டும் போதும். வரைந்ததை வாடிக்கையாளருக்குக் காட்ட, கல்லுக்குள் வெளிச்சம் நுழைந்து பட்டைகளில் மோதித் திரும்பி வருவதைக் கணக்குப் போட்டுப் படமாக்குகிறீர்களே, அங்கேதான் கார்டு வியர்க்கும். ஒளிக்கதிரின் வழியைக் கண்டுபிடிக்கத் தனி கோர்கள் இரண்டிலும் உண்டு. 3060-இல் 28, 4060-இல் 24. எண்ணிக்கை குறைந்தாலும் புதியவை ஒரு தலைமுறை மேல், ஆகவே பிளெண்டரில் ரெண்டர் செய்தால் 4060 முந்தும். முந்தும், காட்சி 8 ஜிபிக்குள் அடங்கும்வரை. ஒரு மோதிரம் தாராளமாக அடங்கும். ஷோரூமையே வரைந்து, சுவரில் 4கே படங்களை ஒட்டி, நூறு கல் பதித்த ஹாரத்தை நடுவில் வைத்தால் நிரம்பிவிடும். அப்போது ரெண்டர் ஊர்ந்து போகும், அல்லது மெமரி போதவில்லை என்று பாதியில் நின்றுவிடும். 12 ஜிபி கார்டில் அதே காட்சி மெதுவாகவாவது முடியும். டெலிவரி நாளன்று முடிந்ததுதான் வேகம்.

அடுத்தது ஏஐ. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே மொழி மாதிரிகளை இறக்கி ஓட்டுகிற மாணவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். எண்ணூறு கோடி அளவுருக்கள் கொண்ட ஒரு மாதிரியை 4 பிட்டுக்குச் சுருக்கினால் சுமார் 5 ஜிபி வரும். ஒவ்வொரு சொல்துண்டை எழுதும்போதும் அந்த 5 ஜிபியையும் ஒரு தடவை முழுதாக வாசித்தாகவேண்டும். 24 எம்பி கேஷ் இதற்கு ஒரு மூலைக்கும் காணாது. ஆகவே 453 என்ற அந்த அச்சிட்ட எண் இங்கே செல்லாது. 360-ஐ 5-ஆல் வகுத்தால் 72; 272-ஐ வகுத்தால் 54. நொடிக்கு இத்தனை துண்டுதான் உச்சவரம்பு, நடைமுறையில் இரண்டும் இன்னும் கீழே வரும். கேமில் பின்னால் நின்ற கார்டு இங்கே முன்னால் நிற்கிறது. 1,400 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரிக்குப் போனால் எட்டு, ஒன்பது ஜிபி ஆகிவிடும். 12-இல் உட்காரும், 8-இல் உட்காராது. ஏஐ படிக்கப் போகிற பிள்ளைக்கு, இரண்டில் ஒன்று என்றால், நான் கண்ணை மூடிக்கொண்டு பழைய 12 ஜிபியைச் சொல்வேன்.

இனி நம் வீட்டு நிலவரம். 4060-க்கு இன்னொரு சுருக்கம் உண்டு. அது மதர்போர்டோடு பேசும் பாதைகள் எட்டு மட்டும். 3060-க்குப் பதினாறு. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள போர்டில் எட்டுப் பாதையே நொடிக்கு சுமார் 16 ஜிபி கொடுத்துவிடும், கவலையில்லை. இன்டெல் 10-ஆம் தலைமுறை வரையிலும், ஏஎம்டியில் பி450 வரையிலும் 3.0 தான். அதில் எட்டுப் பாதை என்றால் 8 ஜிபி. மெமரிக்குள் அடங்கும் கேமில் சில சதவீதம்தான் இழப்பு. மெமரி நிரம்பி ராமுக்கு ஓடும்போதுதான் இந்தக் குறுக்கம் கழுத்தைப் பிடிக்கும். பழைய கம்ப்யூட்டரில் புதுக் கார்டை மட்டும் செருகப் பார்க்கிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

மின்சாரம். 170-க்கும் 115-க்கும் 55 வாட் வித்தியாசம். தினமும் நாலு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினாலும், இரண்டு மாத பில்லுக்கு 13 யூனிட் சொச்சம். 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீடாக இருந்து, இந்த 13-இல் அது தாண்டி வேறு விலைப்பட்டியலுக்குள் விழுந்தால் மட்டும் உம்மா சத்தம் போடுவார்கள். பில்லை வைத்து 4060-ஐ நியாயப்படுத்தாதீர்கள். யூ.பி.எஸ்-ஐ வைத்து நியாயப்படுத்துங்கள். நம் வீடுகளில் அதிகம் இருப்பது 600 விஏ யூ.பி.எஸ், அது தாங்குவது பெரும்பாலும் 360 வாட். 3060-க்கு 170, ப்ராசஸருக்கு 65 முதல் 90, ஃபேன், ஹார்ட் டிஸ்க், ராம் எல்லாம் சேர்த்து 40, மானிட்டருக்கு 25. முந்நூறைத் தாண்டிவிட்டது. கார்டு கண்ணிமைக்கும் நேரம் சொன்ன வாட்டுக்கு மேலேயும் எகிறும். பேட்டரியும் இரண்டு வருஷப் பழசு. கரண்ட் போன நொடியில் யூ.பி.எஸ் ஒரு கீச்சுக் கீச்சிவிட்டுக் கம்ப்யூட்டரோடு சேர்ந்து அணைந்துவிடும். 4060 என்றால் 250-க்குப் பக்கத்தில் நின்றுகொள்ளும். கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் 90 சதவீதத்தில் இருக்கும்போது இந்த வித்தியாசம் புரியும்.

கடற்கரை ஊர் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்லவேண்டும். உப்புக் காற்று எந்தக் கார்டையும் விடாது. தகட்டில் படிந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அலுமினிய மடிப்புகளில் வெள்ளைப் பொடி பூக்கும், திருகும் பின்பட்டையும் துருப்பிடிக்கும், ஃபேன் பேரிங் கரகரக்கும். 170 வாட் சூட்டைத் தள்ளும் ஃபேன் அதிகம் சுற்றும், அதிகக் காற்றை உள்ளே இழுக்கும், அதோடு உப்பையும் தூசியையும் இழுக்கும். கம்ப்யூட்டரைக் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். ப்ளோயர் வைத்து அவ்வப்போது ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டைத் தவிர வேறு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 2025 மே மாதம் ஆர்டிஎக்ஸ் 5060 வந்தது. 3840 கோர், ஜிடிடிஆர்7 மெமரி, 128 பிட் பாதையிலேயே 448 ஜிபி வேகம், 145 வாட். மெமரியோ திரும்பவும் 8 ஜிபி. வேகக் குறையைத் தீர்த்துவிட்டு இடக் குறையை அப்படியே விட்டுவிட்டார்கள். கூடுதல் மெமரி வேண்டுமென்றால் மேல் மாடலுக்கு வா என்பதுதான் கணக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்டெல் 2024 டிசம்பரில் 249 டாலருக்கு ஆர்க் பி580 என்று ஒன்றை 12 ஜிபியோடு, 456 ஜிபி வேகத்தோடு இறக்கியது. நல்ல கார்டு, 190 வாட். ஆனால் மதர்போர்டில் ரீசைசபிள் பார் என்ற வசதி இருந்தால்தான் அது ஒழுங்காக ஓடும். பழைய ப்ராசஸரோடு சேர்த்தால் சோர்ந்துவிடும். உங்கள் மென்பொருள் என்விடியா கார்டைத்தான் கேட்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வருகிறவர்களுக்கு: இந்த இரண்டு மாடலையும் என்விடியா தன் சொந்தக் கார்டாகச் செய்து விற்கவில்லை. சிப்பை வாங்கிப் பலரும் கார்டு செய்கிறார்கள். சோடாக், இன்னோ3டி ஆகியவை ஹாங்காங்கில் வளர்ந்த ஒரே குழுமத்தின் பிராண்டுகள்தான், ஆகவே அங்கே கண்ணில் நிறையப் படும். விலை குறைவாகத் தோன்றும். இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி விலையோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் வாரண்டியைக் கேளுங்கள். சில பிராண்டு, வாங்கிய நாட்டில் மட்டும்தான் பழுது பார்க்கும். காக்கா அடுத்த லீவில் எடுத்துப் போய்க் கொடுத்து, அதற்கடுத்த லீவில் திருப்பிக் கொண்டுவரும்வரை பொறுமை இருந்தால் வாங்குங்கள்.

கடைசியாக, ஒருவர் பயன்படுத்திய பழைய கார்டை வாங்குகிறவர்கள். 12 ஜிபி 3060-ஐத் தேடிப் போனால் பெரும்பாலும் இந்தச் சந்தைக்குத்தான் போவீர்கள். அந்தக் கார்டின் கடந்த காலம் கொஞ்சம் கரடுமுரடானது. 2021-இல் எதீரியம் நாணயம் தோண்டுகிறவர்கள் கிராஃபிக்ஸ் கார்டுகளை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனார்கள்; 329 டாலருக்கு 3060 கிடைக்காமல் போனது இதனாலும்தான். அதைத் தடுக்க, நாணயம் தோண்டும் கணக்கைப் பாதி வேகத்தில் மட்டும் போடும்படி 3060-க்கு என்விடியா ஒரு பூட்டுப் போட்டது. அடுத்த மாதமே, பூட்டைத் திறந்துவிடும் டிரைவர் ஒன்றைத் தானே தவறுதலாக வெளியிட்டுவிட்டது! 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அந்தத் தொழில் படுத்தது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. அப்படி ஓடியது என்பதற்காகவே ஒதுக்கவேண்டியதில்லை, சிப் தாங்கும். தேய்ந்திருப்பது ஃபேனும், காய்ந்திருப்பது தெர்மல் பேஸ்ட்டும்தான்; இரண்டையும் மாற்றலாம்.

நம் பக்கத்துக் கார்டுக்கு இன்னொரு சோதனையும் தேவை. 2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்திருக்கமாட்டீர்கள். ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் இந்த ஊரில் கொட்டியது. வீட்டுக்குள் தண்ணீர் நின்றபோது மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டரும் அதில் நின்றது. அப்படி நனைந்த கார்டு காய்ந்த பிறகு ஓடவும் செய்யும். ஆனால் சிப்புக்குக் கீழே தங்கிய சேறும் உப்பும் மெதுவாகத் தின்றுகொண்டிருக்கும். பின்பக்கத் தகட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: திருகைச் சுற்றிப் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், ஸ்லாட்டில் செருகும் தங்கப் பற்களில் கறுப்புப் புள்ளி இருந்தால், விலை பேசாதீர்கள்.

பிறகு அவர்களுடைய கம்ப்யூட்டரிலேயே செருகச் சொல்லி, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். மெமரி 12288 எம்பி, பஸ் வித் 192 பிட், ஷேடர் 3584. மூன்றும் இருக்கவேண்டும். மெமரி 8192, பாதை 128 என்று வந்தால் அது நான் சொன்ன அந்த இன்னொரு 3060. பெயருக்கு முன்னால் ஃபேக் என்று வந்தால், பழைய சிப்பின் பயாஸை மாற்றிப் புதுப் பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அடுத்து ஃபர்மார்க்கை ஓட்டவிட்டு இருபது நிமிஷம் பக்கத்திலேயே நில்லுங்கள். திரையில் புள்ளி, கோடு விழுகிறதா, சூடு ஏறிக்கொண்டே போகிறதா, ஃபேன் சத்தம் மாறுகிறதா என்று பாருங்கள். டீ சாப்பிட்டுவிட்டு வரலாம் வாங்க என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள். ஓட்டிக் காட்டமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். பக்கத்துக் கடைக்குப் போங்கள். சென்னை ரிச்சி தெருவில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.